செடி பட்டு அரிக்கிறதா? டியூப் வாங்குவதற்கு முன் ஒரு பார்வை

ஜூன் மாதம் இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால் போதும், பெங்களூரில் காலி சைட் எல்லாம் பச்சையாகிவிடும், கூடவே கழுத்தையும் முழங்கை மடிப்பையும் சொறிந்துகொண்டு மருந்துக்கடை வாசலில் நிற்பவர்களும் கூடிவிடுவார்கள். கடைக்காரர் ஒரு டியூபை எடுத்துக் கொடுப்பார். தடவினால் இரண்டு நாளில் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகத் திரும்பும், மறுபடி அதே டியூப். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக்நகரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதனால் அரிக்கிறது என்று தெரியாமல் மருந்து போடுவதுதான் இதில் பாதிக் கஷ்டம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெட்டில் தேடினால் முதலில் வந்து நிற்பது பாய்சன் ஐவி. மூன்று மூன்று இலையாக இருக்கும், தொடாதே என்று படம் போட்டுச் சொல்வார்கள். அது வட அமெரிக்காவின் கொடி, நம்மூர் ஏரிக்கரையிலோ பார்க்கிலோ வளர்வதில்லை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இங்கே தேடினால் கல்யாண முருங்கை, அவரைக்கொடி என்று பாவப்பட்ட மூன்றிலைச் செடிகள்தான் பழியைச் சுமக்கும். ஆனால் பாய்சன் ஐவிக்குச் சொந்தக்காரர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள், அதற்குக் கீழே வருகிறேன். மகன், மகள் வீட்டுக்கு அமெரிக்கா கிளம்பும் பெற்றோருக்கு நிஜமான பாய்சன் ஐவி பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் மூன்று கேள்விகள்

கண்ணாடி முன் நல்ல வெளிச்சத்தில் நின்று பாருங்கள், முடிந்தால் வீட்டில் ஒருவரை போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். எங்கே வந்திருக்கிறது, என்ன வடிவத்தில் வந்திருக்கிறது, செடி பட்டதற்கும் அரிப்பு ஆரம்பித்ததற்கும் எவ்வளவு நேரம். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும்.

செடி பட்ட நொடியே சுருக்கென்று எரிந்து, தடித்து, சில மணி நேரத்தில் தானே அடங்கினால் அது பெரும்பாலும் செந்தட்டி. காஞ்சொறி என்றும் சொல்வோம். அதன் மயிரிழை முள் தோலில் குத்துவதால் வருகிற எரிச்சல் அது, யாருக்குப் பட்டாலும் வரும். பூனைக்காலிக் காயின் சுணையும் இதே ரகம். கையால் தேய்க்காமல் ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்தால் சுணை டேப்போடு வந்துவிடும், அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் சரி.

ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து மெதுவாகச் சிவந்து, தடித்து, சிறு நீர்க்கொப்புளம் வந்து, தூங்கவிடாமல் அரித்தால் அது ஒவ்வாமை. செடியின் வேதிப்பொருளை உடலின் பாதுகாப்பு அணுக்கள் ஒரு முறை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்கின்றன, அடுத்தடுத்த முறை பட்டால் திரண்டு வருகின்றன, திரண்டு வர அந்த ஒன்றிரண்டு நாள் ஆகிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தோட்ட வேலை செய்தவருக்குச் செவ்வாய்க்கிழமை அரிக்கும், அவர் திங்கட்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காயைக் குற்றம் சொல்வார். “இருபது வருஷமா இதே வழியில்தானே நடக்கிறேன், இப்ப மட்டும் எப்படி வரும்?” என்று கேட்பவர்களும் உண்டு. இருபது வருடம் பட்டுப் பட்டுத்தான் இப்போது வந்திருக்கிறது. ஒவ்வாமை எந்த வயதிலும் புதிதாகத் தொடங்கலாம், தொடங்கிவிட்டால் லேசில் மறையாது.

பார்த்தீனியம்

பெங்களூரில் செடியால் வரும் தோல் ஒவ்வாமை என்றாலே முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கன்னடத்தில் காங்கிரஸ் கிட என்பார்கள். முழங்கால் உயரத்திலிருந்து மார்பளவு வரை வளரும், இலை கேரட் இலை போலக் கிழிந்து கிழிந்து இருக்கும், உச்சியில் கிளை கிளையாக வெள்ளைப் பூ. ஒரு பூவை, தொடாமல், கிட்டத்தில் உற்றுப் பாருங்கள்: மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பொட்டு, அதன் ஓரத்தில் ஐந்து சின்ன மூலைகள். தண்டில் நீளவாக்கில் கோடு கோடாகவும் அதன் மேல் மெல்லிய ரோமமும் தெரியும். அந்த ரோமத்திலும் இலையிலும் மகரந்தத்திலும் பார்த்தெனின் என்ற பொருள் இருக்கிறது. வில்லன் அதுதான்.

வெப்ப மண்டல அமெரிக்காவின் செடி இது. 1950களில் புனேயில் கண்ணில் பட்டு, அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. இதைத் தின்னும் மெக்சிகோ வண்டு ஒன்றை 1984ல் பெங்களூரில்தான் முதலில் வெளியில் விட்டார்கள். மழைக்காலத்தில் இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாகக் கிடந்தால் அந்த வண்டின் வேலையாக இருக்கும். ஆனால் ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும்போது வண்டு மட்டும் என்ன செய்யும்.

இந்தச் செடியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. காய்ந்த இலைத் தூளும் ரோமமும் மகரந்தமும் காற்றில் பறந்து வந்து தோலில் படியும். அதனால் தடிப்பு வரும் இடமே ஒரு அடையாளம்: கண் இமை, நெற்றி, கன்னம், கழுத்து, சட்டைக் காலர் முடியும் இடத்தில் ஒரு ‘வி’, முழங்கை மடிப்பு, முழங்கால் பின்மடிப்பு. ஜாக்கெட்டும் சட்டையும் மூடிய முதுகு சுத்தமாக இருக்கும். வெயிலால் வரும் அலர்ஜியும் முகத்தில்தான் வரும், ஆனால் வெயில் படாத தாடைக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் மேல் இமையிலும் அது பெரும்பாலும் வராது. காற்றில் வரும் தூள் அங்கேயும் போய் உட்காரும். ஆகவே தாடையைத் தூக்கிப் பாருங்கள், காதை மடக்கிப் பாருங்கள். பல வருடம் கவனிக்காமல் விட்டவர்களுக்கு இரண்டும் சேர்ந்துகொண்டு வெயிலில் நின்றாலே எரிகிற நிலை வந்துவிடும், தோல் கறுத்து, தடித்து, நெற்றியில் சுருக்கம் ஆழமாக விழுந்துவிடும். தெரு கூட்டுபவர்கள், சைட்டில் கட்டட வேலை பார்ப்பவர்கள், ஏரியைச் சுற்றித் தினமும் நடப்பவர்கள், கண்ணாடி இல்லாத ஹெல்மெட்டில் டூவீலர் ஓட்டுபவர்கள் இவர்களுக்கெல்லாம் இது அதிகம் வர வாய்ப்பு.

அல்சூர் பக்கம் பூ கட்டும் ஒரு அக்காவின் கையைப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். விரல் நுனி எல்லாம் வெடித்து, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து, நூலை இழுக்கும் ஆள்காட்டி விரலில் மட்டும் தோல் காய்த்துத் தடித்திருக்கிறது. “மல்லி கட்டும்போது ஒண்ணும் இல்ல கண்ணு, சாமந்தி கூடை பிரிச்சாத்தான் எரியுது” என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. சாமந்தி, சூரியகாந்தி, காஸ்மாஸ் எல்லாம் பார்த்தீனியத்தின் குடும்பம். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத சிலருக்குச் சாமந்தியும் ஒத்துக்கொள்ளாது. ஆயுத பூஜைக்கு கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து கிலோ கணக்கில் சாமந்தி வாங்கி உதிர்க்கும் வீடுகளில், பூஜை முடிந்த இரண்டாம் நாள் கை அரித்தால் இதை நினைத்துப் பாருங்கள். அந்த அக்காவுக்கு நான் சொன்னது, சாமந்தியை மட்டும் வேறு யாரையாவது கட்டச் சொல்லுங்கள், முடியாத நாளில் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை, நடுநடுவே கழற்றிக் கையை உலரவிடுங்கள் என்று. அது அவர் வயிற்றுப் பிழைப்பு. பூவே தொடாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

வீட்டுப் பக்கத்துச் சைட்டில் செடி மண்டியிருந்தால் பூ விடுவதற்கு முன்னால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். பூத்த பிறகு வெட்டினால் விதையை நாமே தூவிவிட்ட மாதிரி. முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க் மூன்றும் வேண்டும், வேலை முடிந்ததும் அந்தத் துணியைத் தனியாகத் துவைத்துவிட்டுக் குளிக்க வேண்டும். ஏற்கெனவே அரிப்பு உள்ளவர் இந்த வேலைக்குப் போகவே கூடாது, எவ்வளவு மூடிக்கொண்டாலும் சரி. காய்ந்த குவியலுக்குத் தீ வைக்காதீர்கள், அந்தத் தெருவே மூச்சுவிட முடியாமல் தவிக்கும்.

பாய்சன் ஐவியின் நம்மூர்ச் சொந்தங்கள்

பாய்சன் ஐவி, மா, முந்திரி, சேராங்கொட்டை நான்கும் ஒரே தாவரக் குடும்பம். பாய்சன் ஐவியில் உருஷியால் என்ற எண்ணெய் இருக்கிறது, மற்ற மூன்றிலும் அதற்கு நெருங்கிய சொந்தமான எண்ணெய்கள்.

ஏப்ரலிலிருந்து ஜூலை வரை மாம்பழக் காலம். காம்பைக் கிள்ளினால் பீச்சி அடிக்கும் பால் தோலில் பட்டால் அந்த இடம் பொத்து, கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது தவிர, பழத்தைத் தோலோடு கடித்துச் சப்பும் சிலருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து உதட்டைச் சுற்றி, வாய் ஓரத்தில், சில சமயம் கண் இமையில்கூட (பழம் பட்ட கையால் கண்ணைத் தேய்த்திருப்பார்கள்) சிவந்து தடிக்கும். உடனே “மாம்பழம் சூடு, அதான் கட்டி” என்று பிள்ளைகளுக்குப் பழத்தையே நிறுத்திவிடுவார்கள். இந்த எண்ணெய் தோலிலும் காம்பிலும்தான் அதிகம். காம்புப் பக்கம் கொஞ்சம் தாராளமாக வெட்டி எறிந்து, பழத்தை நன்றாகக் கழுவி, தோல் சீவி, கையையும் கத்தியையும் கழுவிவிட்டு, துண்டு போட்டு முள்கரண்டியால் சாப்பிடக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் சாப்பிட்ட சில நிமிடத்திலேயே உதடு, நாக்கு வீங்குகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் அது வேறு வகை அலர்ஜி, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

பண்ருட்டிப் பக்கம் சொந்தம் இருப்பவர்கள் வீட்டுக்குச் சில நேரம் பச்சை முந்திரிக்கொட்டை மூட்டை வரும். அதன் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைச் சுட்டுவிடும், வீட்டில் வறுத்தால் அந்தப் புகையும் முகத்தையும் கண்ணையும் பதம் பார்க்கும். கடையில் வாங்கும் பருப்பில் இந்தப் பயம் இல்லை. சேராங்கொட்டை இன்னும் கடுமை. சலவைக்காரர்கள் துணியில் அழியாத குறி போட இதன் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள், காலர் குறி பட்ட பிடரியில் மட்டும் கொப்புளம் வந்த கதைகள் வெள்ளைக்காரப் பட்டாளத்துக் காலத்திலிருந்தே உண்டு. சித்த மருந்தில் முறைப்படி சுத்தி செய்துதான் சேர்ப்பார்கள். மூட்டுவலிக்கு என்று நாட்டு மருந்துக்கடையில் கொட்டையை வாங்கி நீங்களே உடைத்துத் தேய்க்க வேண்டாம், தயவுசெய்து.

செடியே இல்லாமல் ஏமாற்றுபவை

மழைக்காலத்தில் டியூப்லைட்டைச் சுற்றி ஒரு மெல்லிய பூச்சி வரும், எறும்பைவிடக் கொஞ்சம் நீளம், உடம்பு ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி. ஆசிட் பூச்சி என்றும் சொல்கிறார்கள். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊரும்போது நாம் தூக்கத்தில் நசுக்கித் தேய்க்கிறோம், அதன் உடல் நீர் பட்ட இடமெல்லாம் ஒன்றிரண்டு நாளில் சாட்டையால் அடித்தது போல ஒரு சிவப்புக் கோடு, நடுவில் சீழ் மாதிரிக் கொப்புளம். அரிப்பைவிட எரிச்சல் அதிகம் இருக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் மேலும் கீழும் ஒரே மாதிரி இரண்டு தழும்பு, மடக்கும்போது ஒன்றில் ஒன்று ஒட்டியதால். கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்தால் பத்து நாளுக்குள் ஆறும், கறுப்புத் தடம் சில வாரம் இருக்கும். அந்தப் பூச்சி மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள், இரவில் ஜன்னல் பக்கத்து விளக்கை அணையுங்கள்.

இதையும் செடி அலர்ஜியையும் பார்த்து அக்கி என்று முடிவுசெய்து காவி பூசி எழுதிக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. நிஜமான அக்கியை எப்படிப் பிரிப்பது? உடலின் ஒரே பக்கத்தில், முதுகிலிருந்து விலா வழியாக முன்பக்கம் வரை பட்டையாகவோ, நெற்றியில் ஒரு பாதியிலோ, கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே அதே இடத்தில் குத்தலும் எரிச்சலும். நடுக்கோட்டைத் தாண்டாது. இதற்கு வைரஸை அடக்கும் மாத்திரை இருக்கிறது, கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த மூன்று நாளைக் காவி எழுதிப் போக்கிவிட்டால், வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் வலி நிற்காது. கண் பக்கம் வந்தால் அன்றைக்கே டாக்டர்.

வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து மேடாக, நடுவில் தெளிந்து, தொடை இடுக்கிலோ இடுப்பிலோ நாளுக்கு நாள் விரிந்தால் அது படர்தாமரை. பூஞ்சை. அதற்கு மருந்தே வேறு.

முதல் பத்து நிமிடம்

செடி பட்டது தெரிந்தால் எதையும் பூசுவதற்கு முன் கழுவுங்கள். ஒவ்வாமைப் பொருள் தோலுக்குள் ஊறிப்போக அதிக நேரம் எடுக்காது. முதல் பத்து நிமிடத்தில் கழுவுவதற்கும் ஒரு மணி நேரம் கழித்துக் கழுவுவதற்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, மெல்லிய துணியால் இதமாகத் துடைத்துத் துடைத்து இரண்டு மூன்று முறை அலசுங்கள். மாம்பால் போன்ற பிசுக்குக்குப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு நன்றாக வேலை செய்யும். நகக்கண்ணை மறக்காதீர்கள், அதில் ஒட்டியிருப்பதுதான் பிறகு கண்ணுக்குப் போகும். வெந்நீர் வேண்டாம், நாரால் தேய்க்க வேண்டாம், கிருமிநாசினியை அப்படியே ஊற்ற வேண்டாம். போட்டிருந்த துணி, செருப்பு, கடிகாரப் பட்டை, வண்டிச் சாவி, போன் கவர் எல்லாவற்றையும் துடையுங்கள்.

இந்த இடத்தில் எருக்கம்பால் பற்றி ஒரு வார்த்தை. விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறித்து மாலை கட்டுகிறோம், பால் பட்ட விரலால் கண்ணைத் தேய்த்துவிட்டால் முதலில் வலிகூட அவ்வளவு தெரியாது, ஆனால் கருவிழி வீங்கி, கொஞ்ச நேரத்தில் பார்வை புகைமூட்டமாகிவிடும். கள்ளிப்பாலும் அப்படித்தான், அதில் எரிச்சல் கடுமையாக இருக்கும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நல்ல தண்ணீரால் இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு, எந்தச் சொட்டு மருந்தும் வீட்டிலிருந்து போடாமல், தாய்ப்பால் ஊற்றும் யோசனையையும் கேட்காமல், கண் டாக்டரிடம் போங்கள்.

அரிப்பு வந்த பிறகு

தடிப்பு வந்துவிட்டால் அது தன் சுற்று முடிய ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் எடுக்கும். நாம் செய்வதெல்லாம் அதைத் தாங்கும்படி ஆக்குவதும், புண்ணாகவிடாமல் காப்பதும்தான்.

நீர் கசிகிற கட்டத்தில் களிம்பைவிட ஈரத்துணிதான் நல்லது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, ஒரு லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கரைத்து, பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து, பதினைந்து இருபது நிமிடம் போட்டு வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. துணியைத் தினமும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். கசிவு நின்ற பிறகு காலமைன் லோஷன் தடவலாம், அரிப்பு கொஞ்சம் குறையும். காய்ந்து உரியும்போது வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி போதும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், குழந்தைகளுக்கு இரவில் பருத்தி உறை.

ராத்திரி தூக்கம்தான் பலருக்குப் பெரிய பிரச்சினை. பெரியவர்கள் செட்ரிசின் 10 மில்லிகிராம் இரவில் ஒன்று போட்டுக்கொள்ளலாம், அது தடிப்பை ஆற்றாது, கொஞ்சம் தூங்கவைக்கும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் வேறு மாத்திரை எடுப்பவர்களும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி அரைத்துப் பூசுவது நம் கை வைத்தியம், எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் செடிப் பொருளால் கொந்தளித்துக் கிடக்கும் தோலில், அதுவும் நீர் கசியும்போது, இன்னொரு செடியை அரைத்து அப்புவது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதுதான். எலுமிச்சை இன்னும் மோசம், சாறு பட்ட தோல் வெயிலில் கருகிவிடும். டூத்பேஸ்ட், சுண்ணாம்பு, விபூதி எதுவும் வேண்டாம்.

இப்போது டியூப் விஷயம். ஸ்டீராய்டு களிம்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை, இந்த நோய்க்கு அதுதான் சரியான மருந்து, ஆனால் எந்த வீரியம், எந்த இடத்துக்கு, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முகத்துக்கும் அக்குள், தொடை இடுக்குக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் போன்ற மென்மையானது, சில நாளைக்கு மட்டும். கை காலுக்கு மொமெட்டசோன் போன்ற கொஞ்சம் வலுவானதை டாக்டர் எழுதுவார். குளோபெட்டசால் என்று பெயர் பார்த்தால் அது முகத்துக்கு ஆகவே ஆகாது. டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன் என்று ஒன்று, கூடவே நியோமைசின் அல்லது ஜென்டாமைசின், கூடவே மைக்கோனசால் அல்லது கிளோட்ரிமசால் என்று மூன்று நான்கு மருந்து ஒரே டியூபில் இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். நோய் என்னவென்று தெரியாதவர் எல்லாவற்றுக்குமாகக் கொடுக்கும் கலவை அது. பூஞ்சையாக இருந்தால் ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும், நியோமைசினே சிலருக்குத் தனி அலர்ஜி தரும், முகத்தில் வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வந்து, நிறுத்தினால் பற்றி எரியும். நிறம் வரும் என்று இதே டியூபைத் தடவும் பெண் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு பதறுகிறது. நாடெங்கும் தோல் டாக்டர்கள் வருடக்கணக்கில் இதைக் கத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இப்படிப்பட்ட களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது, இருந்தும் கேட்டால் கொடுக்கிறார்கள்.

அளவு எப்படி? டியூபிலிருந்து ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும்.

கொப்புளத்து நீர் பட்டால் பரவும் என்று வீட்டில் ஒருவரைத் தனித்தட்டு, தனிப்பாய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. செடி ஒவ்வாமை ஒட்டாது. அடுத்தடுத்த நாளில் புது இடத்தில் வந்தால், அந்த இடத்தில் பொருள் குறைவாகப் பட்டதால் தாமதமாக வருகிறது, அல்லது துணியிலோ செருப்பிலோ இன்னும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எப்போது டாக்டர்

கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், பிறப்புறுப்பில் வந்தால், உடலில் கால் பங்குக்கு மேல் பரவினால், காய்ச்சலோடு மஞ்சள் பொருக்கும் சீழும் கண்டால், கைக்குழந்தைக்கு வந்தால் காத்திருக்காதீர்கள். மற்றபடி பத்து நாளில் குறையவில்லை என்றாலும், வருடா வருடம் அதே மாதத்தில் திரும்பினாலும் தோல் டாக்டரைப் பாருங்கள். சிவாஜிநகர் பவுரிங், கே.ஆர். மார்க்கெட் பக்கத்து விக்டோரியா இரண்டும் அரசு ஆஸ்பத்திரிகள், தோல் பிரிவு உண்டு. இதுவரை போட்ட டியூப் எல்லாவற்றையும், காலியானதையும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள், அந்தப் பைதான் அவருக்குப் பாதி விடை.

பேட்ச் டெஸ்ட் செய்யச் சொன்னால் செய்துகொள்ளுங்கள். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளில் பொருள்களை வைத்து ஒட்டுவார்கள், இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, அதன் பிறகு ஒரு முறை மறுபடி பார்ப்பார்கள். இந்தியாவில் வழக்கமாகச் செய்யும் பட்டியலில் பார்த்தீனியமும் உண்டு. அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. எண்ணெய்க் குளியல், ஜிம் எல்லாம் பிறகு. பல வருடமாக வாட்டும் பார்த்தீனிய ஒவ்வாமைக்கு அசாதயோப்ரின் போன்ற மாத்திரைகள் கொடுக்கிறார்கள், நல்ல பலன் உண்டு, ஆனால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

அமெரிக்கா கிளம்புபவர்களுக்கு

நிஜ பாய்சன் ஐவி அங்கே பின்கட்டு வேலி, மரத்தடி, நடைபாதை ஓரம் எங்கும் இருக்கும். ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் நீளமான காம்பு, பக்கத்து இரண்டும் தண்டை ஒட்டி. வசந்தத்தில் செம்மை, கோடையில் பச்சை, இலையுதிர் காலத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. மரத்தில் ஏறிய பழைய கொடியின் தண்டில் மயிர் மயிராக வேர் தொங்கும். குளிர்காலத்தில் இலையே இல்லாமல் நிற்கும்போதும் தண்டில் அந்த எண்ணெய் உண்டு. மேற்குக் கரையில் இதன் தங்கை பாய்சன் ஓக், அதற்கும் மூன்று இலைதான். நவராத்திரிக்குக் கொலுப் பூங்கா வைக்கச் சிவப்பு இலை பொறுக்குபவர்கள் மேப்பிள் இலையா என்று பார்த்துப் பொறுக்குங்கள். பிள்ளைகள் ஆபீஸ் போன நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் தோட்டத்தைச் சுத்தம் செய்ய இறங்கும் அப்பாக்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

அங்கே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இது ஒத்துக்கொள்ளாது. முதல் முறை படுபவருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வரலாம், அதாவது ஊர் திரும்பிய பிறகு இங்கே வந்து அரிக்கலாம். அப்போது டாக்டரிடம் அமெரிக்கா போய்வந்ததைச் சொல்லுங்கள். செடி உரசிய இடத்தில் நேர்க்கோடாகக் கொப்புளம் வருவது இதன் முத்திரை. வீட்டு நாயின் ரோமத்திலும், தோட்டக் கருவியின் பிடியிலும், ஷூ லேசிலும் எண்ணெய் நெடுநாள் ஒட்டியிருக்கும், அதனால் நாயையும் கையுறை போட்டுக் குளிப்பாட்டச் சொல்லுங்கள். சருகோடு சேர்த்து எரித்தால் புகை நுரையீரலுக்குள் போய்விடும். அந்தத் தவறு உயிருக்கே ஆபத்து.

கழுவுவது, ஒத்தடம், காலமைன் எல்லாம் மேலே சொன்னதேதான். ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் அங்கே சீட்டு இல்லாமல் கிடைக்கும். முகம் வீங்கும் அளவுக்குப் போனால் டாக்டர் பிரெட்னிசோன் மாத்திரை கொடுப்பார், இரண்டு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும், நடுவில் நீங்களாக விட்டால் தடிப்பு அப்படியே திரும்பும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். கிளம்பும்போதே உங்கள் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், குளுக்கோமீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த வாரங்களில் தினமும் பார்த்துக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.